மாப்பிள்ளைக்குப் பிறந்தது

எங்கள் பண்ணையில் ஆண் குதிரை இரண்டு. ஒன்றுக்குப் பெயர் உண்டு, ஜெயித்த கோப்பைகள் உண்டு, ஆபீஸ் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய வம்ச வரைபடம் உண்டு. அதைப் பெரியவர் என்போம். இன்னொன்றுக்கு எந்தக் காகிதமும் கிடையாது. அதை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறோம். மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் என் வேலை. பன்னிரண்டு வருஷமாக அதே கயிறு, அதே நடை. பண்ணையில் பாதிப் பேருக்கு என் சொந்தப் பெயர் தெரியாது. மாப்பிள்ளைக்காரர் என்றால்தான் தெரியும்.

மாப்பிள்ளை என்று முதலில் யார் கூப்பிட்டார்களோ, நல்ல குசும்பு பிடித்த ஆளாக இருக்க வேண்டும். ஏனென்றால் இவனுக்குப் பெண் பார்க்கும் படலம் மட்டும்தான், கல்யாணம் கிடையாது. பந்தயக் குதிரை வளர்க்கும் இடங்களில் பொலிகுதிரையை நேராகப் பெட்டையிடம் கொண்டுபோய் நிறுத்த மாட்டார்கள். பெட்டைக்குப் பருவம் வராமல் இருந்தால் பின்னங்காலால் ஓர் உதை விடும். அது பெரியவரின் முழங்காலில் பட்டால் முதலாளி படுத்த படுக்கையாகிவிடுவார். அதனால் உதை வாங்கினாலும் யாரும் அழாத ஒரு குதிரையை முதலில் அனுப்புவார்கள். டீசர் என்று அதற்குப் பெயர்.

நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு மரத் தடுப்பு இருக்கும். அந்தப் பக்கம் பெட்டை, இந்தப் பக்கம் மாப்பிள்ளை. இவன் கழுத்தை நீட்டி முகர்ந்து, கனைத்து, கெஞ்சிப் பார்ப்பான். பெட்டை காதை மடக்கிக் கீச்சென்று கத்தி உதைத்தால் இன்னும் நாள் ஆகவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றால் நாள் வந்துவிட்டது. நாள் வந்துவிட்டது என்று தெரிந்த அந்த நொடியில் நான் மாப்பிள்ளையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அதற்குப் பிறகு பெரியவர் வருவார். சீசன் என்றால் ஆறு மாதம், ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது பெட்டைகள். உதை அவனுக்கு, இழுப்பு எனக்கு. என் வலது தோள் இரண்டு முறை கழன்று, இரண்டு முறை ஏறியிருக்கிறது. ஐம்பத்து நான்கு வயதில் சட்டை போட மனைவி கையைப் பிடித்துவிட வேண்டியிருக்கிறது.

மேனேஜர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், படித்தவர், நல்லவர். குதிரை காலால் ஓடுவதில்லை, ரத்தத்தால் ஓடுகிறது என்பார். யார் வந்தாலும் அந்த வரைபடத்தின் முன் நிறுத்தி, அப்பா, பாட்டனார், அவருக்கும் பாட்டனார் என்று விரலை வைத்துக் காட்டுவார். உலகத்தில் பந்தயம் ஓடுகிற ஜாதிக் குதிரை அத்தனையும் ஆண் வழியில் மூன்றே மூன்று பழைய குதிரைகளிடம் போய் முடியுமாம். அந்த மூன்றும் எவனோ ஓர் ஏமாந்த சோணகிரியை முன்னால் உதை வாங்க அனுப்பிவிட்டுத்தான் வந்திருக்கும் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொள்வேன். அந்த ஏமாந்தவனுக்கு வரைபடத்தில் கட்டம் கிடையாது.

போன வருஷம் சீசன் முடிய இன்னும் பத்து நாள் இருந்தபோது இளவரசி என்ற பெட்டை வந்தாள். அவளுடைய அம்மாவும் அம்மாவின் அம்மாவும் பெரிய பந்தயங்களை ஜெயித்தவர்கள். இவள் மூன்று பந்தயம் ஓடி, கணுக்கால் வீங்கி, இனி குட்டி போட்டால் போதும் என்று எங்களிடம் அனுப்பப்பட்டாள். பளபளவென்று செவலை நிறம். பெரியவரும் செவலை. இரண்டு வம்சமும் சேர்ந்தால் என்ன பிறக்கும் என்று மேனேஜர் ஒரு வாரம் தூங்காமல் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் முறை சேரும் பெட்டைக்கு எல்லாமே பயம். மேலே ஒரு குதிரை ஏறினால் மிரண்டு, தானும் விழுந்து பெரியவரையும் தள்ளிவிடும். அதற்கும் மாப்பிள்ளைதான். அவன் வயிற்றுக்குக் கீழே கெட்டித் தோலில் ஓர் ஏப்ரன் கட்டி, இரண்டு மூன்று தடவை ஏறி இறங்க விடுவோம். ஒன்றும் ஆகாது, வெறும் ஒத்திகை. பெட்டை பழகி நின்றதும் இவனை இறக்கிவிட்டுப் பெரியவரைக் கொண்டுவருவோம். இவ்வளவு அநியாயத்தை எந்த மாப்பிள்ளை பொறுத்துக்கொள்வான் என்று பண்ணையில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அந்தக் கேலிக்குச் சிரித்துச் சிரித்து எனக்குச் சலித்துவிட்டது.

அந்த ஏப்ரனின் வார் அறுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. புதிது வேண்டும் என்று ஸ்டோரில் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். வரும் வரும் என்றார்கள். நான் கயிறு வைத்துக் கட்டிச் சமாளித்தேன். அன்றைக்கு மாப்பிள்ளைக்கு அது பதினேழாவது பெட்டை. விடியற்காலையில் ஆரம்பித்த வேலை, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. என்னால் நிற்கக்கூட முடியவில்லை. கயிற்றுக்கு இரண்டு முடிச்சு போட வேண்டும். ஒன்று போட்டேன்.

மூன்றாவது முறை அவன் ஏறியபோது முடிச்சு அவிழ்ந்து ஏப்ரன் ஒரு பக்கமாக ஒதுங்கியது. நான் பார்த்தேன், இழுத்தேன். என் தோள் உடனே கேட்கவில்லை. இழுத்து இறக்குவதற்குள் ஆக வேண்டியது ஆகிவிட்டது. சில நொடிதான். சுற்றிப் பார்த்தேன். குதிரைகளைப் பார்க்கும் டாக்டரம்மா சுவரோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். இளவரசியின் தலையைப் பிடித்திருந்த குதிரைக்காரன் ரேடியோ அவள் காதருகே ஏதோ உளறிக்கொண்டிருந்தான். அவன் வாய் ஓயாது என்பதால்தான் அந்தப் பெயர். மேனேஜர் அப்போதுதான் வெளியே பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஏப்ரனை நேராக இழுத்துவிட்டுக்கொண்டு மாப்பிள்ளையோடு வெளியே போய்விட்டேன். பெரியவர் வந்தார், தன் வேலையை முடித்தார், எல்லோரும் கைதட்டினார்கள்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் டாக்டரம்மா உள்ளே கழுவி விட்டு, ஊசி போட்டு, அந்தப் பருவத்தையே தள்ளியிருப்பார். மூன்று வாரம் கழித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கலாம். சீசன் பத்து நாள் நீண்டிருக்கும், மேனேஜர் கத்தியிருப்பார், அவ்வளவுதான். பயந்து சொல்லாமல் இருந்தேன் என்றால்கூட ஒரு மரியாதை இருக்கும். உண்மை அது இல்லை. அசதி. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசத் தெம்பு இல்லை. பெரியவரும் போட்டிருக்கிறார், அவருடையதுதான் நிற்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன்.

இளவரசிக்குச் சினை பிடித்தது. பதினோரு மாதம் அவள் வயிறு பெருத்துக்கொண்டே போனது. அவள் இருந்த வரிசைப் பக்கம் நான் போவதை நிறுத்தினேன்.

அவள் குட்டி போட்ட அன்று காலை ஆறு மணிக்கு நான் வேலைக்கு வந்தபோது லாயத்தின் முன்னால் நாலைந்து பேர் பேசாமல் நின்றிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். ஆண் குட்டி. நல்ல உயரம், நேரான கால்கள், எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது. நிறம்தான் கரும்பழுப்பு. பிடரியும் வாலும் கறுப்பு. மாப்பிள்ளையை உரித்து வைத்த மாதிரி இருந்தது.

குதிரையில் எந்த விஷயத்தில் வேண்டுமானாலும் வாதம் செய்யலாம், இதில் மட்டும் முடியாது. செவலையும் செவலையும் சேர்ந்தால் செவலைதான் பிறக்கும். வேறு எதுவும் பிறக்கவே பிறக்காது. எங்கள் பண்ணைக்குப் புல்கட்டு இறக்க வரும் டிரைவருக்குக்கூட இது தெரியும். மேனேஜர் குட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி குட்டியைப் பார்த்தார். ரேடியோதான் முதலில் பேசினான். பிறந்த மயிர் உதிர்ந்தால் நிறம் மாறும், இப்படி எத்தனையோ பார்த்தாச்சு, இரண்டு மாதத்தில் செக்கச்செவேல் என்று ஆகிவிடும் என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னான். மேனேஜர் அதைப் பிடித்துக்கொண்டார். மூழ்குகிறவருக்கு அந்தத் துரும்பே போதுமாக இருந்தது.

ஜாதிக் குதிரைக் குட்டி என்று பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டுமானால் பிடரியிலிருந்து வேரோடு மயிர் பிடுங்கிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். டாக்டரம்மா பிடுங்கும்போது நான்தான் குட்டியைப் பிடித்துக்கொண்டேன். அது அவ்வளவு பயந்த பிறவி இல்லை. கொஞ்சம் துள்ளிவிட்டு, என் சட்டைப் பொத்தானை வாயில் போட்டு உறிஞ்சியது. டாக்டரம்மா கவரை ஒட்டி, தேதி எழுதி, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. தாய் சரி, தகப்பன் பெரியவர் இல்லை. மேனேஜர் மாப்பிள்ளையின் மயிரையும் அனுப்பச் சொன்னார். அதற்கும் பதில் வந்தது, தகப்பன் மாப்பிள்ளைதான். அது வந்த அன்று அவர் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கக்கூட இல்லை. தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். போன வருஷம் ஏதோ ஒரு நாள் மாப்பிள்ளை வேலி தாண்டி இளவரசியின் மேய்ச்சல் நிலத்துக்குள் போயிருக்கிறான். மறுநாளே தச்சர்கள் வந்து வேலியில் இரண்டு பலகை உயரம் கூட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு வயது பதினாறு, இரண்டு முழங்காலிலும் வாதம். பழைய வேலியையே அவன் தாண்ட வேண்டுமானால் ஏணி வைக்க வேண்டும். தச்சர் என்னைப் பார்த்து, உங்க குதிரை பெரிய ஆளுதான் என்று கண்ணடித்தார். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன்.

முதலாளி இந்த ஊரில் இல்லை. எல்லாம் போனில்தான். இளவரசியை இந்த முறை வேறொரு பண்ணைக்கு, இரண்டு நாள் பயணத்தில், பெரியவரைவிடப் பெரிய ஒரு பொலிகுதிரையிடம் அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். வியாழக்கிழமை லாரி. அந்தப் பண்ணையில் காகிதம் இல்லாத குட்டியை வாசலுக்குள் விட மாட்டார்கள். இங்கே அம்மா இல்லாமல் அதை வாளிப் பால் கொடுத்து வளர்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? வளர்த்துத்தான் என்ன செய்வது? பந்தயத்தில் ஓட முடியாது, ஏலத்தில் நிற்க முடியாது, அதன் குட்டிக்கும் பதிவு கிடைக்காது. புதன்கிழமை மாலை ஊசி போட்டு முடித்துவிடச் சொல்லிவிட்டார். இதை மேனேஜர் திங்கட்கிழமை லாயத்தில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

அன்று சாயந்திரம் வீட்டில் நான் சாப்பிடவில்லை. என் மனைவி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் ஆயா. இரட்டை ஷிப்ட் முடித்து வந்து, வெந்நீர் வாளிக்குள் காலை விட்டபடி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ஒரு வருஷமாக அவளிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். முடிச்சு, ஏப்ரன், சில நொடி, நிறம், ஊசி. அவள் குறுக்கே பேசவில்லை. கண்ணை மூடியிருந்ததால் தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.

"ஏங்க, இதுல அந்தக் குட்டி என்ன பண்ணுச்சு?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணல. ஒரு முடிச்சோட விட்டது நான்."

"அப்ப போய்ச் சொல்லுங்க. வேலை போனா போகட்டும், ரெண்டு வயித்துக்கு என் சம்பளம் போதும். எங்கிட்ட சொல்லி இறக்கி வெச்சிட்டு நீங்க நிம்மதியா படுத்துப்பீங்க, நாளைக்கு வார்டுல குழந்தையைத் தூக்கும்போது எனக்கில்ல அந்தக் குட்டி ஞாபகம் வரும்."

நான் எங்கே நிம்மதியாகப் படுத்தேன்? மறுநாள் சொல்லலாம் என்று போனேன், மேனேஜர் வெளியே போயிருந்தார். உண்மையைச் சொன்னால், அவர் வெளியே போகும் நேரம் பார்த்துத்தான் போனேன். புதன்கிழமை மதியம் வரை இழுத்துவிட்டேன். டாக்டரம்மாவின் வண்டி வந்து ஆபீஸ் வாசலில் நின்றதைப் பார்த்த பிறகுதான் கால் அந்தப் பக்கம் நடந்தது.

ஆபீஸில் மேனேஜர் வம்ச வரைபடத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். எதிரே டாக்டரம்மா ஏதோ படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தார். மருந்துப் பெட்டி மேஜை மேலே இருந்தது. உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க வராது என்று நின்றபடியே பேசினேன்.

"சார், மாப்பிள்ளை எந்த வேலியும் தாண்டல. போன வருஷம் இளவரசிக்குப் பழக்கினப்ப ஏப்ரன் கயிறு அவுந்துச்சு. நான் பாத்தேன். அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல. தப்பு என்னோடது."

மேனேஜர் என்னையே பார்த்தார். திட்டுவார், எழுந்து நிற்பார், மேஜையைத் தட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன். இரண்டு நாளாக அதற்குத்தான் தயார் செய்திருந்தேன். அவர் பேசுவதற்குள் டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"நானும் பாத்தேண்ணா," என்றார்.

டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் மேனேஜரிடம் பேசினார். "போன்ல பேசிட்டிருந்தேன், ஆனா கண்ணு அங்கதான் இருந்துச்சு. வீட்ல பொண்ணுக்குக் காய்ச்சல், எப்ப வருவேன்னு கேட்டுட்டிருந்தா. அன்னைக்கு மட்டும் இருபத்திரெண்டு குதிரைக்கு ஸ்கேன் பண்ணியிருந்தேன். இதை ஆரம்பிச்சா இன்னும் ரெண்டு மணி நேரம். போகட்டும்னு விட்டுட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ரேடியோ. புதன்கிழமை ஊசி என்றதிலிருந்து அவன் ஆபீஸைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்திருக்கிறான். கதவை ஒட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

"அடப்பாவிங்களா," என்றான் மெதுவாக. "நான் ஒருத்தன்தான் பாத்தேன்னு நெனச்சு ஒரு வருஷமா செத்துட்டிருந்தேனே."

ஊர் வம்பு அத்தனையும் வாய் ஓயாமல் பேசுகிறவன், சந்தைக்குப் போனால் காய்கறிக்கடைக்காரரிடம் பண்ணைக் கதை முழுவதும் சொல்லிவிட்டு வருகிறவன், இதை மட்டும் அடக்கி வைத்திருந்தான். என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று இருந்திருக்கிறான். நானோ யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். மூன்று பேர் பார்த்திருக்கிறோம். அந்த மூன்று பேரில் ஒருவருக்கு வாயைத் திறக்க ஒரு நிமிடத் தெம்பு இருந்திருந்தால் இன்றைக்கு அந்த மருந்துப் பெட்டி மேஜைக்கு வந்திருக்காது. எனக்கு அழுகை வந்தது. ரேடியோ முன்னால் அழக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்தார். வெகு நேரம் தேய்த்தார். அவர் தோற்றமே பத்து வயது கூடியது மாதிரி ஆகிவிட்டது. யாரையும் திட்டவில்லை. வேலிக்கு ஆன செலவை எந்தக் கணக்கில் சொல்வது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"குட்டி உயிரோட இருந்தாப் போதும் சார். பால் நான் குடுக்கறேன். ரெண்டு மணிக்கொரு தடவைன்னாலும் நான் வந்து குடுக்கறேன். என்னை என்ன வேணா பண்ணிக்கோங்க."

ரேடியோ, தானும் ஒரு வேளை கொடுப்பதாகச் சொன்னான். டாக்டரம்மா பால் பொடி தான் வாங்கித் தருவதாகச் சொன்னார். மேனேஜர் எங்கள் மூவரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு முதலாளிக்குப் போன் போட்டார்.

வராந்தாவில் நின்றோம். கண்ணாடி ஜன்னல் வழியாக மேனேஜரின் வாய் அசைவது தெரிந்தது. முதலில் நிறையப் பேசினார். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரே வார்த்தையில் ஏதோ பதில் சொன்னார். ரேடியோ என் கையைப் பிடித்துக்கொண்டான், நானும் விடவில்லை. டாக்டரம்மா மருந்துப் பெட்டியை இரண்டு கைகளாலும் வயிற்றோடு சேர்த்து அணைத்துப் பிடித்திருந்தார்.

மேனேஜர் வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "பிழைச்சுது," என்றார்.

ரேடியோ ஒரு குதி குதித்தான். டாக்டரம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். நான் வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டேன். எப்படி என்று டாக்டரம்மா கேட்டார். மேனேஜர் சந்தோஷமாகவே சொன்னார். யார் தப்பு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதையெல்லாம் முதலாளி பாதிக்கு மேல் காதில் வாங்கவில்லையாம். நடுவில் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"டீசருக்கு இப்ப என்ன வயசுன்னார். பதினாறுன்னேன். அப்ப குட்டி இருக்கட்டும், வெளியில ஒண்ணு தேட வேணாம், மூணு வருஷத்துல இது தயாராயிடும்னுட்டார்." மேனேஜர் குனிந்து என் தோளில் கை வைத்தார். வலிக்கிற தோள். "நல்லதாப் போச்சு. நீங்க ரிட்டயர் ஆகறதுக்குள்ள பழக்கிக் கொடுத்துடுங்க. அப்பனைப் பழக்கின கை, உங்களைவிட யாருக்கு வரும்?"

சரி சார் என்றேன். வேறென்ன சொல்வது? கேட்டது கிடைத்துவிட்டது. உயிரோடு இருந்தால் போதும் என்றுதான் கேட்டேன், உயிரோடு இருந்து என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். ரேடியோவுக்கு இன்னும் உறைக்கவில்லை. சின்ன மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை என்று லாயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினான். ஸ்டோரில் அன்றைக்கே புது ஏப்ரன் ஒன்று வந்துவிட்டது என்று ஆள் அனுப்பினார்கள்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டாள். அதன் தகப்பன் செய்கிற வேலையைத்தான் அதற்கும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அவள், வார்டில் பிறக்கிற குழந்தைகளில் பாதிக்கும் அதுதான் எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பாடு போட்டாள். அன்றைக்குச் சாப்பிட்டேன். பசித்தது.

வியாழக்கிழமை காலை லாரி வந்தது. இளவரசி ஏற மறுத்தாள். ரேடியோ ஒரு வார்த்தையும் பேசாமல் ஏற்றினான். குட்டியை நான் லாயத்துக்குள் பிடித்துக்கொண்டிருந்தேன். லாரிக் கதவு மூடியதும் அவள் கனைத்தாள். குட்டி திருப்பிக் கனைத்தது. சத்தம் கேட்டு மாப்பிள்ளை தன் இடத்திலிருந்து காதைத் திருப்பினான். தனக்கு வேலை வந்திருக்கிறதோ என்று வாசலைப் பார்த்தான், வரவில்லை என்றதும் புல்லுக்குத் திரும்பிவிட்டான். லாரி வளைவு தாண்டி வெகு நேரம் ஆன பிறகும் குட்டி கதவோடு ஒட்டி நின்று கத்திக்கொண்டிருந்தது. தொண்டை கட்டும் வரை கத்தியது. நல்லா இருப்பே, நல்லா இருப்பே என்று நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிறவனின் குரல் எனக்கே கேட்டது.

மதியம்வரை வாளியைத் தொடவில்லை. பாலை இரண்டு முறை கொட்டிப் புதிதாகக் கரைத்தேன். மூன்றாவது முறை விரலைப் பாலில் முக்கி வாயில் வைத்தேன். துப்பியது. மறுபடி வைத்தேன். நாக்கு கொஞ்சம் சுற்றிப் பார்த்தது. விரலைக் கொடுத்தபடியே கையை மெதுவாக வாளிக்குள் இறக்க, மூக்கு முங்கித் தும்மி, என் முகமெல்லாம் பால் தெறித்து, கடைசியில் குடிக்க ஆரம்பித்தது. ஆரம்பித்ததும் ஒரே மூச்சு. நான் வைக்கோலில் உட்கார்ந்து, வலிக்காத கையால் வாளியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

குடித்துக்கொண்டிருந்த குட்டியை முதல் முறையாக நிதானமாகப் பார்த்தேன். தாயின் நீளக் கால்கள். தகப்பனின் அகல மார்பு. இடது தோள் எலும்பு கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது. தடுப்புக்கு மேலே கழுத்தை நீட்டும்போது அந்த இடம்தான் முன்னால் வரும், முதல் உதை அங்கேதான் விழும், இப்போதிருந்தே தீனி கூட்டிப் போட்டு அங்கே கொஞ்சம் சதை ஏற்றிவிட வேண்டும் என்று அளவெடுத்துக்கொண்டிருந்தேன். என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்து நான் கண்ணை எடுத்தபோது குட்டி காலி வாளியை முட்டிவிட்டு, இன்னும் வேண்டும் என்று என் கையைத் தேடியது.